பசித்த எலி படுத்துக் கிடக்காது

கேள்வி: பசித்தால் சுருண்டு படுப்பதுதானே இயல்பு? சோதனைக்கூட எலியும் அப்படித்தானா?
– வாசகர், திருவையாறு

பதில்: இல்லை, ஓடும். 1922-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கர்ட் ரிக்டர், எலிக் கூண்டில் சுழல் சக்கரத்தை மாட்டி எலியின் ஓட்டத்தை அளந்தார். தினம் ஒரு வேளை மட்டும் இரை பெறும் எலி, இரை வரும் நேரம் நெருங்க நெருங்கக் கூடுதலாக ஓடும். சுருண்டு படுப்பதெல்லாம் உடம்பின் சேமிப்பு கரைந்த பிறகுதான்.

கேள்வி: வயிறு காய்கிறபோது ஓடி இருக்கிற தெம்பையும் இழப்பானேன்?
– வாசகி, மன்னார்குடி

பதில்: சம்பா அறுவடை முடிந்து வெறும் தாள் நிற்கும் வயலைப் பாருங்கள். நேற்றுவரை கதிர் கொறித்த எலிக்கு இன்று அங்கே ஒன்றுமில்லை. வளையிலேயே கிடந்தால் சாவு. வாய்க்கால் கரை, வைக்கோல் போர், களத்து மூலை என்று அலைந்தால் பிழைப்பு. வயலில் உயிர் காக்கும் இந்தக் குணமே கூண்டில் உயிரை எடுக்கும். 1967-இல் ரூட்டன்பர்க், குஸ்னெசாஃப் என்ற ஆய்வாளர்கள் இருவரும் எலிகளுக்குத் தினம் ஒரு மணி நேரம் மட்டும் இரை கொடுத்து, மற்ற நேரம் சக்கரத்தில் ஓடவிட்டார்கள். அவை மேலும் மேலும் ஓடின, சரியாகத் தின்னாமல் மெலிந்து செத்தன. சக்கரம் இல்லாத எலிகள் அதே இரையில் தேறிக்கொண்டன.

கேள்வி: கதிர் வந்த வயலில் மருந்து வைத்தால் எலி சீண்டுவதே இல்லையே?
– விவசாயி, ஒரத்தநாடு

பதில்: பந்தியில் உட்கார்ந்தவன் பொட்டலச் சோற்றைத் தேடுவானா? நடவுக்கு முன், வயலில் தின்ன ஏதும் இல்லாதபோது, அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து வையுங்கள். நம் தஞ்சாவூர் கிட்டி என்னும் எலிப்பொறியும் எலியின் பசியை நம்பித்தான் வேலை செய்கிறது: இரைக்காகத் தலை நுழைந்ததும் மூங்கில் வில் நிமிரும், கயிறு இறுகும்.

கேள்வி: நம் சோற்றை எலிக்குப் போட்டு ஆராய்ந்தார்களாமே?
– வாசகர், கும்பகோணம்

பதில்: ஆமாம், குன்னூரில். ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவ ஆய்வாளர் 1920-களில் இந்தியாவின் பல பகுதி உணவுகளை எலிகளுக்குக் கொடுத்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி சேர்ந்த சீக்கியர் உணவு முதலிடம் பெற்றது. பால் குறைந்து அரிசியே மிகுந்த மதராஸ் உணவு கடைசி. வெள்ளை ரொட்டி, மார்கரின், ஜாம், சர்க்கரைத் தேநீர் என்று வாழ்ந்த இங்கிலாந்து ஏழைகளின் உணவையும் கொடுத்துப் பார்த்தார். அந்த எலிகள் பராமரிப்பவர்களைக் கடித்தன. 60-ஆம் நாளில் வலுவற்றவற்றைக் கொன்று தின்னவும் தொடங்கின. வயிறு நிறைந்தாலும் சத்துப் பசி தீராது. கவளத்தோடு கீரையும் பருப்பும் மோரும் இருக்கட்டும்.

கேள்வி: வகுப்பில் ஒரு நிமிடம் உட்காராத பிள்ளையை என்ன செய்வது?
– ஆசிரியை, திருத்துறைப்பூண்டி

பதில்: எலியை வைத்துப் பிள்ளையை அளக்கக் கூடாது. துறுதுறுப்புக்குக் காரணங்கள் பல. பசியும் அதில் ஒன்று. காலை உணவுத் திட்டம் தமிழ்நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது 2023 ஆகஸ்ட் 25 அன்று, உங்களுக்குப் பக்கத்துத் திருக்குவளையில்தான். பிரம்பைத் தேடும் முன், “காலையில் சாப்பிட்டாயா?” என்று கேளுங்கள், டீச்சர்.