திருப்பாலைவனத்து வெந்நீர்: குடும்ப பாய்லரின் கொள்ளளவு பற்றி ஓர் ஆராய்ச்சி

1. ஆய்வுக் களம்

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகும் சாலையில் இருக்கிறது திருப்பாலைவனம். அதற்குக் கிழக்கே விரிந்து கிடக்கும் பழவேற்காடு ஏரி, இந்திய உப்பங்கழிகளில் சிலிக்காவுக்கு அடுத்தபடியாகப் பெரியது. இந்த ஏரியில் அறிஞர் பெருமக்கள் பூநாரைகளை எண்ணிவிட்டார்கள், இறால்களை அளந்துவிட்டார்கள், டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டையைப் பற்றியும் எழுதிவிட்டார்கள். கோட்டைக்குள் வெந்நீர் எப்படி வைத்தார்கள் என்பது நம் ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டது. கரையோர வீட்டுக் கொல்லையில் புகைந்துகொண்டிருக்கும் செம்பு பாய்லர் எத்தனை லிட்டர் பிடிக்க வேண்டும் என்பதே எல்லைக்கு உட்பட்டது.

2. வரையறையும் வரம்புகளும்

பாய்லர் எது என்பதைச் சட்டமே சொல்லியிருக்கிறது. 1923ஆம் ஆண்டின் இந்திய கொதிகலன் சட்டத்தில் 22.75 லிட்டராக இருந்த எல்லைக்கோட்டை 2007ஆம் ஆண்டுத் திருத்தம் 25 லிட்டருக்கு ஏற்றியது. 2025இல் புதுச் சட்டம் வந்து பழையதை ஓய்வுக்கு அனுப்பியபோதும் கோடு அங்கேயே நின்றது. 25 லிட்டருக்குக் குறைந்த கலன் சட்டத்தின் கண்ணில் பாய்லர் அல்ல. தண்ணீர் 100 பாகைக்குக் கீழே சூடாகிற கலனும் அல்ல. ஆகவே, கரையோர வீட்டு ஆயா காலை நான்கரைக்கு எழுந்து பற்றவைக்கிற பொருள் சட்டப்படி பாய்லரே இல்லை. ஆயாவிடம் இதைச் சொல்லத் துணிந்தவர் எவருமில்லை.

மேல் வரம்பைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். தெற்கே வல்லூரில் 500 மெகாவாட் அலகுகள் மூன்றுக்கு நீராவி காய்ச்சும் கொதிகலன்கள் நிற்கின்றன. ஐந்து பேர் குளிக்க அது கொஞ்சம் அதிகம் என்பது இவ்வாய்வின் முதல் முடிவு. பக்கெட்டுக்குள் தொங்கவிடும் ஹீட்டர் கம்பி கீழ் வரம்பு. உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

3. கருவி

உருளையான செம்புக் கலன். அதன் நடுவே மேலிருந்து கீழாக ஒரு குழாய். குழாயின் அடியில் இரும்புச் சல்லடை. தேங்காய் நாரில் நெருப்பு வைத்து, அது பிடித்ததும் சவுக்கு மிளாறு, பிறகு மட்டையோ சீமைக்கருவேலக் கட்டையோ மேலிருந்து போடுவார்கள். முதல் ஐந்து நிமிடம் புகை கண்ணைக் கரிக்கும். அப்புறம் குழாய்க்குள் 'கும்'மென்று இரைச்சல் கேட்கும். இனி ஊத வேண்டாம் என்று அர்த்தம். கீழே விழும் சாம்பல் மீன் சட்டி துலக்கப் போகும்.

இதன் நுட்பம் புனலில் இருக்கிறது. ஒரு செம்பு பச்சைத் தண்ணீரைப் புனலில் ஊற்றினால் அது அடிக்குப் போய், மேலே நிற்கும் வெந்நீரை ஒரு செம்பு அளவுக்கு மூக்கு வழியே தள்ளும். ஊற்றாதவனுக்கு வராது. அதனால் கலன் எப்போதும் நிறைந்தே இருக்கும். கலன் வற்றியிருக்கும்போது தீ மூட்டினால் பற்றவைத்த ஈயம் இளகி, பாய்லர் சல்லடையாகிவிடும்.

4. தலைக்கணக்குக் கொள்கை

மாதிரிக் குடும்பம்: ஆயா, நைனா, அம்மா, இரண்டு பிள்ளைகள். மார்கழி விடியலில் பச்சைத் தண்ணீர் 25 பாகை, பாய்லர் தண்ணீர் 80 பாகை, உடம்பு தாங்குவது 40 பாகை என்று கொள்வோம். அப்படியானால் ஒரு லிட்டர் வெந்நீரோடு இரண்டே முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பச்சைத் தண்ணீர் விளாவலாம். 18 லிட்டர் பக்கெட்டை நிரப்ப 4.9 லிட்டர் வெந்நீர் போதும். ஐந்து பேருக்கு 24.5 லிட்டர்.

இந்த எண்ணைச் சற்றே நின்று ரசிக்க வேண்டும். நாடாளுமன்றம் போட்ட கோட்டுக்கு அரை லிட்டர் கீழே வந்து நிற்கிறது. ஆறாவதாக ஒரு மாமா வந்து தங்கினால் குடும்பம் கோட்டைத் தாண்டிவிடும்.

விறகுக் கணக்கும் உண்டு. 24.5 லிட்டரை 25 பாகையிலிருந்து 80க்கு ஏற்றச் சுமார் 1,350 கிலோ கலோரி வேண்டும். காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 3,500 தரும். அதில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீருக்கும் மீதி ஆகாயத்துக்கும் போகிறது என்று வைத்தால், ஒரு கிலோவுக்குச் சற்று மேல் எரிக்க வேண்டும். 50 லிட்டர் பாய்லர் வாங்கினால், குளிக்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு இரண்டு மடங்கு.

5. கொள்கையைக் குலைக்கும் காரணிகள்

அ) கடை. வாங்குகிறவர் லிட்டரில் கேட்பார். கடைக்காரர் கிலோவில் பதில் சொல்வார். செம்பு எடைக்கு விற்கிற பண்டம். பெரிய குடும்பத்துக்குச் சின்ன பாய்லர் போதும் என்று எந்தப் பாத்திரக் கடையும் சொல்லாது.

ஆ) சீர்வரிசை. பெண் வீட்டார் பெயர் வெட்டிக் கொடுக்கும் பாய்லரின் அளவுக்கும் வெந்நீருக்கும் சம்பந்தமில்லை. வண்டியிலிருந்து இறக்கும்போது தெருவுக்குத் தெரிய வேண்டிய அளவு அது.

இ) உப்பு. ஏரிக்கரை நிலத்தடி நீர் உப்பு. காய்ச்சக் காய்ச்ச உள்ளே படிவு ஏறி, கொள்ளளவு குறையும். சூடு தண்ணீருக்குள் இறங்குவதும் தாமதமாகும். பெரிய பாய்லர் இதற்கு மருந்தல்ல. படியப் பெரிய இடம், அவ்வளவே.

ஈ) நைனா. இரவு முழுக்கச் சேற்றிலும் உப்புத் தண்ணீரிலும் வலையோடு நின்று வருகிறவருக்கு ஒரு பக்கெட் பத்தாது. அவர் இரண்டாளாகக் கணக்கிடப்பட வேண்டும். அவர் வீடு சேரும் நேரமும் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரமும் ஒன்று. எல்லாச் சண்டையும் இந்தப் புள்ளியில்தான் பிறக்கிறது.

6. மாற்றுக் கொள்கை: குளியல் பாடு

பழவேற்காட்டு மீனவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. ஏரியில் இறால் விழும் இடம் கொஞ்சம், வலை கட்ட விரும்புகிறவர்கள் நிறைய. அதற்கு அவர்கள் ஏரியைப் பெரிதாக்கப் பார்க்கவில்லை. பாடு வகுத்தார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் பாடு உரிமை உள்ளவர்கள் சீட்டுக் குலுக்கிப் போட்டு, யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். முறை இல்லாதவர் அந்த இடத்தில் அன்று வலை இறக்குவதில்லை.

இதை வீட்டுக்குள் கொண்டுவருவதே நம் கோட்பாடு. 15 லிட்டர் பாய்லரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஐந்து லிட்டர் வெந்நீர் எடுத்தால், அடியில் ஐந்து லிட்டர் பச்சைத் தண்ணீர் சேர்கிறது. முழுக்கக் கலந்தாலும் சூடு 61 பாகைக்குக் கீழே போகாது. மணிக்கு ஒன்றரைக் கிலோ வீதம் விறகு எரிந்துகொண்டிருந்தால், பத்தே நிமிடத்தில் திரும்ப 80 பாகை. அந்தப் பத்து நிமிடத்தில் முதல் ஆள் குளித்து முடித்திருப்பார். ஆகவே பத்து நிமிட இடைவெளியில் ஆறு முறை வைத்தால், நைனாவின் இரண்டு பக்கெட் உட்பட ஐந்து பேரும் ஒரு மணி நேரத்தில் குளித்துவிடலாம்.

முறை இல்லாத வீட்டில் 50 லிட்டர் இருந்தாலும் கடைசி ஆளுக்குப் பச்சைத் தண்ணீர்தான். காரணம், நிறைய இருக்கிறது என்று தெரிந்தால் முதல் ஆள் விளாவாமல் ஊற்றுவார்.

மறுப்பு ஒன்று வரும்: ஆயாவுக்கு முறை வைப்பது யார்? ஆயா தீ மூட்டுகிறவர். முதல் பாடு அவருடையது. இதில் சீட்டுக் குலுக்கல் கிடையாது.

7. முடிவு

ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 15 லிட்டர் பாய்லர் போதும். பாத்திரக் கடைக்குப் போகும் முன் யாருக்குப் பின் யார் என்று எழுதிக் குளியலறைக் கதவில் ஒட்டுங்கள். அந்தச் சீட்டு ஒரு வாரம் கிழிபடாமல் இருந்தால் 15 லிட்டர் வாங்கலாம். கிழிந்துவிட்டால், எவ்வளவு பெரியது வாங்கினாலும் பத்தாது. காசு மிச்சம், பழைய அண்டாவிலேயே வெந்நீர் போடுங்கள்.