நாலாவது ஆள்

1937-க்கு முன்னால் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி மாணவன் ஒருவனுக்குக் கிராஸ் கன்ட்ரி ஓடும் ஆசை வந்திருந்தால், ஐகோர்ட்டுக்கு எதிரே கிளம்பி, ஆர்மேனியன் தெருவில் கைவண்டிகளுக்கு ஒதுங்கி, தம்புச்செட்டித் தெருவில் வக்கீல் குமாஸ்தாக்களை இடித்துக்கொண்டு, மூச்சிரைக்க மறுபடி ஐகோர்ட் வாசலுக்கே வந்து நின்றிருக்க வேண்டும். இடிபட்ட குமாஸ்தா அங்கேயே கேஸ் போட்டிருப்பார். நல்லவேளை, 1837-ல் ஜான் ஆண்டர்சன் பள்ளிக்கூடமாகத் தொடங்கிய அந்த நிறுவனம், நூறு வயதான கையோடு ஜார்ஜ் டவுனைக் காலி செய்துவிட்டுத் தாம்பரத்துக்கு வந்து இறங்கியது. ஆறு வருடம் முன்னதாகவே கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர்கேஜில் மின்சார ரயில் ஓட ஆரம்பித்திருந்ததால், மெட்ராஸ்காரர்களும் "தாம்பரமா? அது செங்கல்பட்டுல்ல!" என்று ரொம்ப அலறவில்லை.

வந்த இடம் சேலையூர்ப் புதர்க்காடு. இன்றைய கணக்கில் 365 ஏக்கர். ரசாயனப் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ், பாடம் நடத்திய நேரம் போக மீதி நேரத்தில் மரம் நட்டார். அந்த நிழலில் பிற்பாடு காதலர்கள் உட்கார்ந்தார்கள், தாவரவியல் மாணவர்கள் இலை பறித்தார்கள், இரண்டு கூட்டத்தையும் திடுக்கிட வைத்தபடி ஓட்டக்காரர்கள் ஓடினார்கள்.

காடு மட்டும் இருந்தால் போட்டி வராது. விடுதியும் வேண்டும். சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்று ஆண்களுக்கு மூன்று விடுதிகள். பெயர்களைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தாமஸ் என்கிற தோமா யார்? இயேசு உயிர்த்தெழுந்த செய்தியைச் சொன்னபோது, காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றவர். ரிசல்ட் கையில் வரும்வரை எதையும் நம்பாத ஒருவர் பெயரில் விடுதி வைத்துவிட்டு, அங்கே இருக்கும் பையன்களிடம் போய் "இந்த வருஷம் யாருடா ஜெயிப்பான்?" என்று கேட்கலாமா? ஹீபர் பாதிரியார் 1826-ல் திருச்சியில் குளிக்கப் போன இடத்தில் இறந்தவர். விடிகாலை ஓடிவிட்டு, குளிக்காமலே முதல் வகுப்புக்குப் போய் உட்காரும் பையன்களுக்கு இதைவிட நல்ல சரித்திரக் காரணம் கிடைக்காது. சேலையூர் ஹால் மட்டும்தான் உள்ளூர்ப் பெயரோடு தப்பித்தது.

கிராஸ் கன்ட்ரி என்பதே ஒரு வேண்டாத விருந்தாளி. இங்கிலாந்தில் பணக்காரர்கள் குதிரையேறி நாய்களை முன்னால் விட்டு நரி வேட்டைக்குப் போவார்கள். ஷ்ரூஸ்பரி பள்ளிப் பையன்களிடம் குதிரை இல்லை. அதனால் தாங்களே நாயாகிவிட்டார்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, ஓடுகிறவர்களுக்கு அங்கே அதிகாரபூர்வப் பெயரே வேட்டைநாய்கள். தலைவன் கையில் சாட்டையும் ஊதுகொம்பும். முதலில் வருகிறவன் ஜெயித்தான் என்று சொல்வதில்லை, கொன்றான் என்பார்கள். 1831-லிருந்து இதற்கு எழுத்துப் பதிவு இருக்கிறது. பிள்ளை நாயாய்ப் பேயாய் ஓடுகிறானே என்று நம் ஊர்த் தாய்மார்கள் தலையில் அடித்துக்கொள்வதை, அங்கே பீஸ் கட்டிச் செய்தார்கள்.

பள்ளியோடு விட்டார்களா என்றால் இல்லை. 1868-ல் தேம்ஸ் நதிப் படகோட்டிகள் குளிர்காலத்தில் உடம்பு துருப்பிடிக்கக் கூடாதென்று இதை ஒரு கிளப்பாக்கினார்கள். எட்டு வருடம் கழித்து, யார் பெரியவன் என்று பார்த்துவிடுவோம் என எப்பிங் காட்டில் தேசியச் சாம்பியன்ஷிப் வைத்தார்கள். ஓடியவர்கள் 32 பேர். அந்த 32 பேரும் வழி தவறிப் போனார்கள். ஒருத்தன்கூட சரியான பாதையில் வரவில்லை. போட்டி செல்லாது என்று அறிவித்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். இந்த விளையாட்டின் முதல் பெரிய போட்டியிலேயே, யார் மேல் பந்தயம் கட்டியிருந்தாலும் காசு போச்சு. இதற்குப் பிறகும் மனிதர்கள் கிராஸ் கன்ட்ரிக்கு ஜோசியம் சொல்கிறார்களே, அந்த நெஞ்சழுத்தத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

1938-ல் கோலாலம்பூரில் இருந்த ஆங்கிலேயர்கள் இதே வேட்டைநாய் ஓட்டத்தைக் கையில் எடுத்து, ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ் என்று பெயர் வைத்து, ஓட்டத்தின் முடிவில் பீர் வைத்தார்கள். தாம்பரத்தில் குளுக்கோஸ் வைத்தார்கள். இரண்டில் எது உலகமெங்கும் பரவியது என்று சொல்லத் தேவையில்லை.

கோப்பை யாருக்கு என்பதை முடிவு செய்யும் கணக்கு ஒன்று உண்டு. கிராஸ் கன்ட்ரியில் தனி ஆள் ஜெயிப்பது ஒரு பக்கம், அணி ஜெயிப்பது இன்னொரு பக்கம். எத்தனையாவதாக வந்தாயோ அதுவே உன் புள்ளி. குறைந்த புள்ளி எடுத்த அணிக்குக் கோப்பை. இன்றைய உலகப் போட்டிகளில் ஓர் அணிக்கு ஆறு பேர் ஓடலாம், முதலில் வரும் நால்வர்தான் கணக்கு. ஓர் அணிக்காரர்கள் முதல், இரண்டாவது, மூன்றாவது என்று வரிசையாக வந்து, நாலாவது ஆள் மட்டும் 40-ஆவதாக வந்தால் மொத்தம் 46. இன்னோர் அணி மேடையில் ஒருத்தனும் ஏறாமல் 9, 10, 11, 12 என்று வந்தால் 42. கோப்பை இரண்டாவது அணிக்கு. தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு கோப்பையைப் பறிகொடுக்கிற பாக்கியம் வேறெந்த விளையாட்டில் கிடைக்கும்?

ஜோசியர்கள் பேசுவதோ எப்போதும் முதல் ஆளைப் பற்றி. அவன் தொடை, அவன் மூச்சு, அவன் காலையில் எத்தனை முட்டை சாப்பிடுகிறான். நாலாவது ஆளின் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது.

1924 பாரீஸ் ஒலிம்பிக்கில் இதற்கு உலகத்தரமான சாட்சியம் இருக்கிறது. அந்த ஜூலை 12 அன்று பாரீசில் வெயில் 40 பாகையைத் தாண்டிக் கொளுத்தியது. பக்கத்து மின்நிலையப் புகை வேறு. கிளம்பியவர்கள் 38 பேர், முடித்தவர்கள் 15 பேர். மற்றவர்கள் அங்கங்கே சுருண்டு விழ, செஞ்சிலுவைக்காரர்கள் புதர் புதராகத் தேடி எடுத்தார்கள். பின்லாந்தின் பாவோ நூர்மி மட்டும், மார்க்கெட்டுக்குப் போய்க் கத்திரிக்காய் வாங்கி வந்தவர் போல அலட்டாமல் முதலாவதாக வந்தார். இரண்டே நாள் முன்னால் ஒரே மத்தியானத்தில் 1,500 மீட்டர், 5,000 மீட்டர் இரண்டையும் ஜெயித்த மனிதர் அவர். இரண்டாவதாக அவர் நாட்டுக்காரரே, வில்லே ரிட்டோலா. இங்கே எந்த ஜோசியரும் ஜம்பமாகக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

அன்றைய விதிப்படி அணிக்கு மூவர் கணக்கு. பின்லாந்தின் மூன்றாவது ஆள் ஹெய்க்கி லீமத்தைனன். அரங்கத்துக்குள் வந்தவர், முடிவுக்கோடு கண்ணுக்கு முன்னால் இருக்கும்போதே ஓட்டம் முடிந்துவிட்டதென்று நின்றுவிட்டார். கூட்டம் கத்துகிறது. மனிதருக்கு உலகமே புரியவில்லை. ஒருவழியாகத் திரும்பித் தள்ளாடி நடந்து கோட்டைத் தாண்டினார். ஆளாக 12-ஆவது, முழு அணியில்லாதவர்களைக் கழித்தபின் அவருக்கு 8 புள்ளி. ஒன்றும் இரண்டும் எட்டும் பதினொன்று. அமெரிக்காவுக்கு 14. அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தால், நூர்மி ஒரு பக்கம் ரிட்டோலா ஒரு பக்கம் நின்றுகொண்டு, அணித் தங்கம் அமெரிக்கக் கப்பலேறுவதைப் பார்த்திருப்பார்கள்.

இந்தக் கண்ணராவிக்குப் பிறகு, வெயிலில் மனிதனை இப்படி ஓடவிடக் கூடாதென்று ஒலிம்பிக்கிலிருந்தே கிராஸ் கன்ட்ரியைத் தூக்கிவிட்டார்கள். அதே பாரீசுக்கு இந்திய அணியை மேனேஜராக அழைத்துப் போனவர் ஹாரி குரோ பக். 1920-ல் மெட்ராசில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கிய அமெரிக்கர். இன்றைக்கும் நந்தனத்தில் இருக்கிறதே, அதேதான். ஒலிம்பிக் வெயிலுக்குப் பயந்து கைவிட்ட விளையாட்டை, வெயிலைத் தவிர வேறு பருவம் தெரியாத ஊரில் கல்லூரி கல்லூரியாக ஓட வைத்தது உடற்பயிற்சி ஆசிரியர் பரம்பரை. கத்திரி வெயிலில் கேன்வாஸ் ஷூ ஒட்டிக்கொள்ளும் தார் ரோட்டைப் பார்த்து வளர்ந்தவனிடம் பாரீஸ் வெயிலைப் பற்றிச் சொன்னால், "காலையிலயா சார்?" என்று கேட்பான்.

நாங்கள் படித்த தாம்பரத்துப் பக்கத்துக் கல்லூரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பழைய மாணவர் சங்கத்தில் கோபக்காரர்கள் அதிகம். சீசன் தொடங்குகிறது என்பதை காலண்டர் சொல்லாது, வதந்தி சொல்லும். "அவனுங்க ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல தெற்கேயிருந்து ஒருத்தனை எறக்கியிருக்கானுங்களாம்டா. சின்ன வயசுலேர்ந்தே செருப்பு போட்டதில்லையாம்." அந்தப் பையனை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இருந்தாலும் பல்லாவரம் வருவதற்குள் ரயிலிலேயே அவன் உயரம் ஓர் அங்குலம் கூடியிருக்கும். இப்போதெல்லாம் வதந்தி புதுக்கோட்டையில் பிறக்கிறதாம். அதில் நியாயம் இருக்கிறது. 2017 புவனேஸ்வர் ஆசியத் தடகளப் போட்டியில் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம் வாங்கிய கோ. லட்சுமணன் அந்த ஊர்க்காரர். அடுத்த வருடம் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அவர் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தும், ஓடுபாதையின் உள்கோட்டைத் தாண்டிக் கால் வைத்தார் என்று பதக்கத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். எப்பிங் காட்டில் 32 பேர் பாதையையே விட்டுவிட்டுப் போனதை நினைத்தால், இந்த ஒரு கால்வைப்புக்கு அவ்வளவு தண்டனையா என்று வயிறெரிகிறது.

எங்கள் பி.டி. சார் ஆவணியிலேயே ரூட் போட ஆரம்பிப்பார். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் ஏரிக்கரை, திரும்ப கேம்ப் ரோடு. ஐப்பசியில் முடிச்சூர் பக்கம் ரூட் போடலாமே என்று யோசனை சொன்ன ஒருவனை அவர் நீச்சல் டீமுக்கு மாற்றப் பார்த்தார். எங்களிடம் மூன்று பேர் அசல் குதிரைகள். அந்த வருடம் கோப்பை நமக்குத்தான் என்பதில் மெஸ்ஸிலிருந்து பிரின்சிபால் அறை வரை இரண்டாவது கருத்தே இல்லை. நாலாவது ஆளாக, எண்ணிக்கைக்கு, காமர்ஸ் இரண்டாம் வருடத்திலிருந்து ஒருவனைச் சேர்த்திருந்தார்கள். ஒரு தரம் பஸ்ஸைத் துரத்திப் பிடித்ததை சார் பார்த்துவிட்டதுதான் அவன் செய்த ஒரே சாதனை. பந்தயப் பொருள் பரோட்டா. எதிரணி மேல் கட்ட ஆளே கிடைக்காமல், ஜோசியர்கள் தங்களுக்குள்ளேயே எத்தனை நிமிட வித்தியாசம் என்று கட்டிக்கொண்டார்கள்.

போட்டியன்று எங்கள் மூவரும் முதல் மூன்று இடம். தோளில் தூக்கியாயிற்று, தப்பு அடித்தாயிற்று. எதிரணியின் நான்கு பையன்கள், ஒருத்தருக்கும் முகம் நினைவில் நிற்காத நான்கு பையன்கள், ஒன்பதுக்கும் பதிமூன்றுக்கும் நடுவில் சேர்ந்தாற்போல வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, ஓரமாக உட்கார்ந்தார்கள். பிறகு காத்திருந்தோம். தப்பு நின்றது. வெகு நேரம் கழித்து எங்கள் நாலாவது ஆள் ஒற்றை ஷூவோடு நடந்து வந்தான். ராஜகீழ்ப்பாக்கத்தில் நான்கு நாய்கள் துரத்தினவாம். ஷ்ரூஸ்பரியில் நாய்ப் பட்டம் வாங்கத் தவம் கிடக்கிறார்கள், இங்கே நாய்களே நேரில் வந்து பயிற்சி கொடுத்தும் இவனுக்கு வேகம் வரவில்லை என்று சார் கத்தினார். கூட்டிக் கழித்துப் பார்த்து, மறுபடி கூட்டிப் பார்த்து, எழுதியவரின் கையெழுத்தைச் சந்தேகப்பட்டு, ஒரு புகார் மனுவும் கொடுத்துப் பார்த்தார்கள். கூட்டல் மாறவில்லை.

அன்று சாயங்காலம் கேம்ப் ரோடு டீக்கடையில் ஜோசியர்கள் எல்லாரும் காரணம் தேடிக்கொண்டிருந்தார்கள். செருப்பு, நாய், காற்று, சனிப்பெயர்ச்சி. கடைக்காரர் பாய்லரைத் துடைத்துக்கொண்டே, தனக்கு முன்னமே தெரியும் என்றார். இரண்டு கல்லூரிப் பையன்களும் விடிகாலையில் அவர் கடையைத் தாண்டித்தான் போவார்களாம். எதிர்க் கல்லூரிக்காரர்கள் நாலு பேரும் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்புவார்கள். எங்கள் ஆட்களில் மூன்று பேர் போவார்கள். நாலாவது ஆள் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து டீயும் பொறையும் சாப்பிட்டு, பேப்பர் முழுவதையும் படித்துவிட்டு, மூவரும் திரும்பி வரும்போது தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு கூடவே சேர்ந்து ஓடிப் போவான்.

"இதை எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணே!"

"சொன்னா நாளைலேர்ந்து அவனும் ஓடப் போயிடுவான்" என்றார் அவர், கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டே. "ரெண்டு மாச பாக்கி இருக்கு தம்பி."