ஆம்ஸ்ரடாம்காரன் சொல்லுறன், கேள்

போ மோனை, வடிவாப் போட்டு வா. சனி ஞாயிறு ரண்டு நாள், கூடப் படிக்கிற பெடியள் நாலு பேர், பாரிசிலை இருந்து ஆம்ஸ்ரடாம். இதிலை மறிக்க என்ன கிடக்கு? கொம்மாதான் போன் எடுத்து, "மாமா, நீங்கள் சொன்னால் கேப்பான், போகவேண்டாம் எண்டு சொல்லுங்கோ" எண்டு மூக்கை உறிஞ்சினவ. நான் ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை. ஆம்ஸ்ரடாமிலை பிறந்து ஆம்ஸ்ரடாமிலையே நரைச்சவன் எந்த வாயாலை மோனை உன்னை மறிக்கிறது?

சிரியாதை. எங்கட காரைதீவுக்கு, இப்பத்தையான் காரைநகருக்கு, ஒல்லாந்தன் வைச்ச பேர் ஆம்ஸ்ரடாம். வேலணை லைடன், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு றொட்டர்டாம், நெடுந்தீவு டெல்ப்ற். தங்கட ஊர்ப் பேரெல்லாத்தையும் கப்பலிலை ஏத்திக்கொண்டு வந்து எங்கட தீவுகளுக்கு மேலை கொட்டினவங்கள். டெல்ப்ற் மட்டும் இண்டைக்கும் ஒட்டிக்கொண்டு நிக்குது, மற்றதெல்லாம் உதிர்ந்து போச்சு. அந்தக் கணக்கிலை உன்ர ஆச்சி லைடன்காரி. அந்த லைடன் தீவிலை இருக்கிற ஊர்காவற்றுறைக்குப் பாதையிலை ஏறிப்போய்ப் பெண் பாத்த ஆம்ஸ்ரடாம் மாப்பிள்ளை நான். விசா ஒருத்தரும் கேக்கேல்லை. ஆச்சியின்ர தமையன் மட்டும் திண்ணையிலை இருத்திவைச்சுக் கேட்ட கேள்வியளுக்கு உங்கட எயாப்போட்டுக்காரர் கிட்டவும் வரமாட்டினம்.

கோச்சியிலை போனால் மூண்டரை மணித்தியாலத்துக்குள்ளை கொண்டுபோய் இறக்கிவிடும். லாச்சப்பலிலை தோசை திண்டுபோட்டு, நடந்துபோய்க் கார் து நோரிலை ஏறலாம். நீயோ பஸ்ஸிலை போறாயாம், ரிக்கெற் மலிவாம். நல்ல புத்தி. வெள்ளி இரவு பஸ்ஸுக்குள்ளை நித்திரை கொண்டால் ஒரு ராத்திரி அறைக்காசு மிச்சம். அங்கை அறை வாடகைக்கு மேலை நகரசபை 12.5 வீதம் உல்லாசப் பயண வரி எடுக்குது. வரியெண்டால் ஒல்லாந்தனுக்குக் கை பழகினது. எங்கட ஆக்களிட்டைத் தலைவரி, காணிவரி, அதிகாரி வரி எண்டு எடுத்துப்போட்டு, அதுவும் காணாதெண்டு சம்பளமில்லாத ஊழியமும் வாங்கினவன். உன்னட்டை நூற்றுக்குப் பன்னிரண்டரையோடை விடுறான் எண்டால் ஆள் கொஞ்சம் திருந்தியிருக்கிறான்.

கோப்பிக்கடை எண்டு போட் போட்டிருக்கிற இடத்துக்குக் கோப்பி குடிக்கப் போயிடாதை. அங்கை விக்கிறது வேறை சாமான், எங்கட சுருட்டுக்குப் பெரியப்பன். கோப்பி வேணுமெண்டால் கஃபே எண்டு எழுதியிருக்கிற இடம் பார். எனக்கு உது எப்பிடித் தெரியும் எண்டு கேளாதை. இந்தப் போனை வாங்கி அனுப்பினது நீதானே. கிழவன் தேவாரம் மட்டும் கேக்கிறான் எண்டு நினைச்சியோ? சிவப்பு லைற் போட்ட யன்னல் தெருவுக்குப் போகாதை எண்டு சொன்னால் பஸ்ஸாலை இறங்கி நேரா அங்கைதான் போவியள். அதாலை போங்கோ எண்டே சொல்லுறன். ஆனால் போனைச் சட்டைப் பைக்குள்ளை வைச்சுக்கொண்டு போங்கோ. யன்னலுக்குப் பின்னாலை நிக்கிறது வேலைக்கு வந்து நிக்கிற மனிசர், படம் பிடிக்கிறதுக்குக் கோயில் திருவிழா இல்லை. 2023 மே மாதத்திலை இருந்து அந்தத் தெருக்களிலை நிண்டு கஞ்சா பத்தினால் 100 யூரோ தண்டம். உனக்குச் சொல்லேல்லை, நீ நல்ல பிள்ளை. கூட வாற மற்ற மூண்டு பேருக்கும் சொல்லிவிடு.

சிவப்புத் தார் போட்ட பாதையிலை நடக்காதை, அது சைக்கிளுக்கு. மணி அடிச்சுப்போட்டு மேலை ஏத்திவிடுவாங்கள், பிழையும் உன்னிலைதான். ஆம்ஸ்ரடாம் சைக்கிள் ஊர், உலக அதிசயம் எண்டு நீ வந்து எனக்குப் பறையக்கூடாது. தொண்ணூறுகளிலை பொருளாதாரத் தடை போட்டுப் பெற்றோல் வராமல் விட்ட நேரம் முழு யாழ்ப்பாணமும் சைக்கிளிலைதான் ஓடினது. பொம்பிளை மாப்பிள்ளை, பிள்ளைத்தாய்ச்சி, விறகு, அரிசிமூட்டை எல்லாம் கரியரிலை. காரைநகரை விட்டு எழும்பி மானிப்பாய்ப் பக்கம் இருக்கேக்கை, கொப்பன் சைக்கிளைத் தலைகீழாக் கவிட்டுவைச்சுப் பெடலைச் சுத்திச் சுத்தி, டைனமோவிலை றேடியோவுக்குக் கறண்ட் எடுத்துத்தான் செய்தி கேட்டவன். செய்தி நல்லதா வந்தால் சுத்தின கை நோகாது. அப்பிடி வந்தது குறைவு. அவங்கட சைக்கிளிலை றேடியோ பாடுதோ எண்டு விசாரிச்சுப் பார்.

உனக்கு முதல் ஊர் பாக்க வந்தவங்கள் எப்பிடிப் பாத்தவங்கள் எண்டதையும் கேட்டு வை. பால்டேயஸ் எண்டு ஒரு பாதிரி. பிறந்தது டெல்ப்றிலை; எங்கட டெல்ப்ற் இல்லை, அவங்கட. 1658 இலை ஒல்லாந்தன் போர்த்துக்கேயனிட்டை இருந்து யாழ்ப்பாணத்தைப் பறிக்கேக்கை கூட வந்தவன். தெல்லிப்பழை, மல்லாகம், வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு எண்டு ஊர் ஊராத் திரிஞ்சு, தேவாலயத்தையும் பள்ளிக்கூடத்தையும் கட்டி மேய்ச்சு, தமிழ் படிச்சு, ஏழெட்டு வருசம் இந்த வெயிலுக்கை காய்ஞ்சவன். பேந்துதான் எழுதினவன். புத்தகம் 1672 இலை அச்சானது எங்கை? நீ போற ஆம்ஸ்ரடாமிலை. எங்கட தேவாலயங்கள் பனைமரத்தோடை சேத்துப் படமாக் கீறிக் கிடக்கு. தமிழ் எழுத்தும் கிடக்கு, பிழையளோடை. உன்ர வட்ஸப் தமிழைப் பாத்த கண்ணுக்கு அவன்ர தமிழ் சங்கப் புலவற்றை தமிழாத் தெரியும்.

இன்னொருத்தன் கிளாஸ் ஐசாக்ஸ், யாழ்ப்பாணத்துத் திசாவை. முப்பது வருசத்துக்கு மேலை இஞ்சை கிடந்து, எங்கட சனம் கல்யாணம் கட்டுறது, காணி பிரிக்கிறது, ஈடு வைக்கிறது, கடன் குடுத்துப்போட்டு அடிபடுறது எல்லாத்தையும் கேட்டுக் கேட்டு எழுதினவன். தமிழிலை பெயர்த்துப் பன்னிரண்டு முதலிமாருக்கு வாசிக்கக் குடுத்து, சரியெண்டு அவையின்ர சம்மதமும் வாங்கி, 1707 இலை தேசவழமை எண்டு சட்டமாக்கிப்போட்டாங்கள். முதுசம், சீதனம், தேடியதேட்டம் எண்டு இண்டைக்கும் யாழ்ப்பாணத்துக் கோட்டிலை வழக்குப் பேசுறது அந்தக் கடதாசியை வைச்சுத்தான். கொப்பனும் உன்ர மாமியும் வளவு எல்லைக்குக் கதியாலைப் பிடுங்கி எறிஞ்சு சண்டை பிடிக்கிறதுக்கும் ஒரு ஒல்லாந்தன்தான் ஒழுங்கு எழுதி வைச்சவன். தாசில் பண்ண வந்தவங்கள், எங்களிலை பட்சத்திலை எழுதேல்லை. எங்கை எவ்வளவு கறக்கலாம், ஆரை என்னமாதிரி ஆளலாம் எண்டு அறியத்தான் எழுதினவங்கள். எண்டாலும் வடிவாப் பாத்தவங்கள் எல்லே? நீ ஞாயிறு பின்னேரத்துக்கிடையிலை முந்நூறு படம் போட்டிடுவாய். எல்லாத்திலையும் உன்ர மூஞ்சை. பின்னாலை ஒரு முழத்துக்கு வாய்க்கால் தெரிஞ்சால் அது ஆம்ஸ்ரடாம், கோபுரம் தெரிஞ்சால் பாரிஸ்.

அதாலை ஒரு மணித்தியாலம் எனக்காக ஒதுக்கு. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியின்ர பழைய தலைமைக் கந்தோர் நடு ஊருக்குள்ளை இருக்கு, ஊஸ்ற் இன்டிஸ் ஹௌஸ் எண்டு கேள். 1602 இலை தொடங்கின கும்பனியை நடத்தினது பதினேழு கனவான்கள். எங்கட கடலிலை காலை நனைக்காமலே, வன்னியிலை பிடிச்ச யானையை ஊர்காவற்றுறையிலை கப்பல் ஏத்துறது, சாயவேர் கிண்டுறது எல்லாத்துக்கும் வரவு செலவு பாத்தவங்கள். இப்ப அந்தக் கட்டடம் பல்கலைக்கழகத்தின்ர கையிலை. நீயும் மாணவன்தானே, தலையை நிமித்திக்கொண்டு முற்றத்துக்குள்ளை போய் நில். ஆரும் என்ன அலுவல் எண்டு கேட்டால், கணக்குப் பாக்க வந்தனான் எண்டு சொல்லு. டாம் சதுக்கத்திலை நிக்கிற அரண்மனை 13,659 மரக்குத்தியளைச் சேத்துக்குள்ளை இறுக்கி அதுக்கு மேலை எழுப்பினது. அதையும் பார், ஆனால் உள்ளுக்குப் போகக் காசு குடுக்காதை. குத்தி வெளியாலை தெரியாது, உள்ளாலையும் தெரியாது.

மியூசியமெண்டால் றைக்ஸ் மியூசியம். 1765 இலை கண்டியிலை கொள்ளையடிச்ச பீரங்கி கனகாலம் அங்கை கிடந்தது. 2023 டிசம்பரிலை திருப்பித் தந்திட்டாங்கள், இப்ப கொழும்பிலை. எண்டபடியாலை அதைத் தேடி அலையாதை.

நான் உண்மையா உன்னைப் பாத்துவரச் சொல்லுறது தண்ணியை. போத்தில் தண்ணி இல்லை, உன்ர சிரிப்பு எனக்கு இஞ்சை கேக்குது. எங்கட கடற்கோட்டை தெரியுமெல்லே, காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவிலை, இப்ப நேவிக்காரர் ஹோட்டல் வைச்சிருக்கிறது. இலங்கையைத் தேசப்படத்திலை பாத்த ஒல்லாந்தனுக்கு அது பன்றித்தொடை மாதிரித் தெரிஞ்சுதாம். குதிக்கால் இந்தக் கோட்டையாம், அதாலை ஹம்மன்ஹீல் எண்டு பேர். கப்பலிலை கன மாசம் கிடந்தவனுக்குத் தேசப்படமும் சாப்பாடாத்தான் தெரியும். 1658 இலை உள்ளுக்கிருந்த போர்த்துக்கேயன் சும்மா விட்டுக்குடுக்கேல்லை, ரண்டு கிழமைக்குக் கிட்ட நிண்டு பிடிச்சவன். கடைசியிலை குடிக்கத் தண்ணி இல்லாமல்தான் கதவைத் திறந்தவன். சுத்திவரக் கடல், நடுவிலை தாகம். காரைநகர்ச் சனத்துக்கு இது சரித்திரமில்லை, ஒவ்வொரு ஆவணியும் பவுசர் வருமட்டும் வாளியோடை நிக்கிற கதை.

அங்கத்தை ஆம்ஸ்ரடாம்காரரும் அப்பிடித்தான் கிடந்தவங்கள். ஊர் முழுக்க வாய்க்கால், வாயிலை வைக்க ஏலாது. 1853 இலை கடற்கரை மணற்கும்பிக்குள்ளை மழைத் தண்ணி தேங்கி நிக்கிறதைக் குழாய் வைச்சு ஊருக்குக் கொண்டுவந்து, வாளி ஒரு சதமெண்டு வித்தாங்கள். உப்புத் தண்ணிக்கு மேலை நல்ல தண்ணி மிதந்துகொண்டிருக்கும்; எங்கட மணற்காட்டுப் பக்கத்து ஆக்களுக்கு இதைப் படிப்பிக்கத் தேவையில்லை, மணலைத் தோண்டிக் குடிச்ச சனம். அங்கையும் ஆசை கூடி அளவில்லாமல் இறைக்க, கீழை இருந்த உப்பு மேலை ஏறத் தொடங்கீட்டுது. பேந்துதான் புத்தி வந்து, 1957 இலை இருந்து ஆத்துத் தண்ணியைக் கொண்டுவந்து மணற்கும்பிக்குள்ளை விட்டு, ஊறவைச்சு, வடிச்சு எடுக்கிறாங்கள். இறைச்சதுக்குப் பதில் குடுக்கிறாங்கள், மோனை. நாங்கள் துலாவை விட்டிட்டு மெஷின் போட்டு ராப்பகலா இறைச்சு, கிணறு உவராப் போனதுக்குக் கடவுளைப் பேசுறம். மணற்காட்டு மணலையும் லொறி லொறியா ஏத்தி வித்துப்போட்டு மழை இல்லை எண்டு அழுகிறம். கும்பனி கொண்டுபோனதுக்காவது கணக்கு எழுதி வைச்சவன். நாங்கள் அள்ளினதுக்குக் கணக்கும் இல்லை.

ஆம்ஸ்ரடாமிலை இருந்து சான்ட்வோர்ட் எண்ட கடற்கரைக்கு அரை மணித்தியாலம் மட்டிலை கோச்சி. பக்கத்திலைதான் அந்த மணற்கும்பி. மான் நிக்கும், படம் எடுக்கலாம், உனக்கும் நட்டமில்லை. அந்த வாய்க்கால்களை மட்டும் உன்ர மூஞ்சை இல்லாமல் நாலு படம் எடுத்து அனுப்பு. இஞ்சை சங்கக் கூட்டத்திலை காட்ட வேணும். கதை சொன்னால் நம்பாதுகள், படமெண்டால் வாயைப் பிளக்குங்கள்.

ஆம்ஸ்ரடாம் பெரிய ஸ்ரேசனுக்குப் பின்பக்கம் அங்கையும் ஒரு பாதை ஓடுது, ஆக்களையும் சைக்கிளையும் ஏத்திக்கொண்டு அக்கரைக்குப் போகும். காசு இல்லை. ஏறு, இறங்கு, திரும்ப ஏறு. உங்கட நாலு பேற்றை கையிலை இருக்கிற காசுக்குத் தோதான உல்லாசப் பயணம் அது.

சாப்பாட்டுக்கு, வெங்காயம் வெட்டிப் போட்டு உப்பு மீன் பச்சையாத் தருவாங்கள், ஹேரிங் எண்டு. வாலைப் பிடிச்சுத் தலையை நிமித்தி விழுங்கிறது. திண்டு பார், கடற்கரை ஊர்ப் பெடியன் எண்ட மானம் இருக்கு. ஒத்துவராட்டில் சூரினாம் ஆக்களின்ர ரொட்டிக்கடை தேடு. எங்கட தேயிலைத் தோட்டத்துச் சனத்தைப் போல, இந்தியாவிலை இருந்து 1873 தொடக்கம் கரும்புத் தோட்டத்துக்குக் கூலிக்குக் கொண்டுபோன ஆக்களின்ர பரம்பரை. கறி உறைக்கும், வயிறும் நிறையும், கடையிலை பாட்டும் போகும்.

திங்கள் விடியச் சோதனை இருக்கெண்டு கொம்மா சொன்னவ. எனக்குத் தெரியாது, நான் கேக்கவும் இல்லை. அவ கேட்டால், அப்பு மியூசியத்தைப் பற்றியும் தண்ணியைப் பற்றியும் சொன்னவர் எண்டு சொல்லு, பொய்யில்லை. கோப்பிக்கடையை விட்டிடு. காசு முடிஞ்சால் எனக்கு எடுக்காதை, கொப்பனுக்கு எடு. முதலிலை ஏசுவான். ஏசினால், பள்ளிக்கூடத்திலை படிக்கேக்கை கசூரினா கடற்கரையிலை குளிக்கப் போறன் எண்டு சொல்லிப்போட்டு யாழ்ப்பாணம் ரவுணிலை ஆரோடை இருந்து படம் பாத்தனீங்கள் எண்டு மெல்லமாக் கேள். பத்து நிமிசத்திலை காசு வரும்.