வெயிலுக்கு முந்துவோம்

பரந்தனில் தகரக் கூரை வீடு. ஏசி வாங்கக் காசில்லை. என்ன வழி?

வெயில் விழுவது கூரையில். செலவு மட்டும் ஏன் அறைக்குள்? தகரத்துக்கு வெள்ளைப் பெயின்ற் பூசுங்கள், அல்லது மேலே கிடுகு பரப்பிக் கட்டுங்கள். அடுப்படிப் பக்கம் மட்டும் கிடுகு வேண்டாம், தீப்பொறி பொல்லாதது. இந்தியாவின் அகமதாபாத் நகரம் 2017இல் ஏழைகளின் கூரைகளுக்கு வெள்ளை பூசத் தொடங்கியது.

சித்திரையில் நிழல்கூடக் காலுக்குள் ஒளிகிறதே?

ஒளியாமல் என்ன செய்யும்? வருடப் பிறப்பை ஒட்டி, நண்பகலில் சூரியன் நேரே நம் உச்சிக்கு மேல் வருகிறது. ஓகஸ்ட் கடைசியில் மறுபடியும் வரும். கூரை வேலையை மாசியிலேயே முடித்துவிடுங்கள்.

ஃபேன் நாள் முழுக்கச் சுற்றியும் அறை குளிரவில்லையே?

அறைக்கு வியர்க்குமா? வியர்த்த உடம்பைத்தான் காற்று குளிர்விக்கும். ஆளில்லாத அறையில் ஃபேனை நிறுத்துங்கள். பகலில் வெயில் பக்க யன்னலை மூடுங்கள். பொழுதுபட்டதும் எதிரெதிர் யன்னல்களைத் திறந்துவிடுங்கள்.

மண்பானையா, ஃபிரிட்ஜா?

கரண்ட் போனால் எது வேலை செய்யும்? பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. நிழலில், சோளகம் படும் இடத்தில், ஈரமணல் மேல் வையுங்கள். முதல் செம்பை அப்பு ஆச்சிக்குக் கொடுங்கள். வயது போனால் தாகம் சரியாகத் தெரியாது. அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.