எரிபொருள் செயலாளர்

பூமிக்கு அடியில் எது கிடந்தாலும் அதற்கு மேலதிகாரி ஒருவர் டெல்லியில் இருப்பார். நிலக்கரி, பெட்ரோலியம் என்று துறையின் பெயர்தான் மாறும். ஆள் ஒரே அச்சு. முந்தாநாள் கைத்தறி, நேற்று விளையாட்டு, இன்று எரிபொருள். சுரங்கத்துக்குள் இறங்கியது ஒரே ஒரு தடவை. மஞ்சள் தொப்பியோடு அன்று எடுத்த படம் அறைச் சுவரில் இன்னும் தொங்குகிறது.

பெட்ரோல் விலையைக் கேட்டுப் பாருங்கள். "அது எங்கள் கையில் இல்லை, சந்தை தீர்மானிக்கிறது" என்பார். விலை தினமும் மாறும் என்று 2017 ஜூன் 16 முதல் ஏற்பாடு. ஆனால் 2021 நவம்பர் தொடங்கி 137 நாள் அது அசையவே இல்லை. உலகச் சந்தை துள்ளியது. நம் பங்க் மீட்டர் தியானத்தில் இருந்தது. இடையில் ஐந்து மாநிலத் தேர்தல் வந்து போயிற்று. "தற்செயல்" என்பார், கண் இமைக்காமல். அந்த இமைக்காத திறமைக்குத்தான் பதவி உயர்வே.

இப்பேர்ப்பட்டவர் வல்வில் ஓரி விழா பார்க்கக் கொல்லிமலை ஏறுகிறார் என்று வையுங்கள். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு. முன்னால் ஒரு ஜீப், பின்னால் இரண்டு, எல்லாம் டீசல். இருபதாவது வளைவில், 2070-க்குள் நாடு கரியை எப்படிக் கைவிடப்போகிறது என்று ஆட்சியருக்கு விளக்க ஆரம்பிப்பார். நாற்பதாவதில் குமட்டல் வந்து விளக்கம் நின்றுவிடும்.

கொல்லிமலையை ஆண்ட ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தைத் துளைத்தான் என்கிறது சங்கப்பாட்டு. இவரும் ஒரே சுற்றறிக்கையில் ஐந்து அலுவலகங்களைத் துளைப்பவர்தான். ஐந்தும் "உரிய நடவடிக்கைக்காக" என்று எழுதி அடுத்த மேஜைக்குத் தள்ளிவிடும். ஒன்றுக்கும் காயமிருக்காது.

மலைமேல் ஆலத்தூர் நாட்டில் ஒரு வீட்டு வாசலில் நிற்பார்.

"கேஸ் வந்துடுச்சா பாட்டி?"

"வந்துடுச்சுங்க சாமி. மூலையில பத்திரமா இருக்குது. உங்களாட்டம் பெரியவங்க வந்தா பத்த வைப்போம்."

உள்ளே விறகடுப்பில் சாமைச் சோறு கொதித்துக்கொண்டிருக்கும். இவர் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்: "பயனாளி மகிழ்ச்சி."

ஒருவகையில் ஆலத்தூர் நாடு கொடுத்துவைத்தது. இந்த மலையின் பாறை சுமார் 250 கோடி ஆண்டுப் பழசு. நிலத்தில் செடி கொடியே முளைக்காத காலத்தது. நிலக்கரிக்கு வழியில்லை, ஆகவே ஏலத்துக்கும் வழியில்லை. காவிரிப் பக்கம் அந்த அதிர்ஷ்டம் கிடையாது. டெல்டாவைப் பாதுகாக்க 2020-லேயே சட்டம் வந்தும், 2023 ஏப்ரலில் நிலக்கரி அமைச்சகத்தின் ஏலப் பட்டியலில் வடசேரியும் மைக்கேல்பட்டியும் சேத்தியாத்தோப்புக் கிழக்கும் இருந்தன. ஊர் கொதித்த பிறகு பட்டியலிலிருந்து நீக்கினார்கள். இம்மாதிரி நேரங்களுக்கென்றே நம்மவரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்: "அந்தக் கோப்பு எனக்கு முன்னால் இருந்தவர் காலத்தது." அவருக்கு முன்னால் இருந்தவரும் இதையேதான் சொன்னார்.

மனு கொடுக்க நினைப்பவர்கள் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். அடுத்த மாதம் அவர் பால்வளத் துறைக்குப் போகிறார் என்று பேச்சு.