செராய்க்கு அஞ்சாத மலைப்பாம்பு

கிள்ளானில் தரை வீடு வைத்திருப்பவர்கள் பாம்பை விரட்டும் வேலைக்கு முதலில் அமர்த்துவது செராய் என்னும் எலுமிச்சைப்புல்லைத்தான். துணைக்குச் சிறியாநங்கை, மதிலோரம் கந்தகத் தூள். போதாதென்று சுங்கை பூலோ நர்சரியிலிருந்து பாம்புச்செடி வேறு வந்து நிற்கும்; வரி வரியாக நிமிர்ந்து நிற்கும் அதைப் பார்த்தால் பாம்பு பயப்படுமா, உறவுக்காரர் வீடு என்று உள்ளே வருமா என்று யாரும் கேட்பதில்லை. என் கட்சி இதுதான்: பாம்பு செடியின் வாசத்தைப் பார்த்து வருவதுமில்லை, போவதுமில்லை. அது பார்ப்பது செடியின் காலடியை.

பாம்புக்கு மோப்பம் இல்லை என்று சொல்லவில்லை. நாக்கை நீட்டி நீட்டி உள்ளிழுத்து, மேலண்ணத்தில் உள்ள ஜேக்கப்சன் உறுப்பால் அது ஊரையே முகர்ந்துவிடும். ஆனால் அது தேடுவது எலியையும் தவளையையும். கடும் வாசம் அதை விரட்டும் என்றால், பினாங்கு பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் இத்தனை ஊதுபத்திப் புகைக்கு நடுவே விரியன்கள் கிளையில் சாய்ந்து கிடக்குமா? இனி செராய்ப் புதரைக் குனிந்து பாருங்கள். வெளியே பச்சை, உள்ளே காய்ந்த மடல்கள், ஈரம், இருட்டு. தவளை குடியேறும், எலி குட்டி போடும், பிறகு சாப்பிட ஆள் வரும். தாழம்புதரில் பாம்பு இருக்கும் என்று பெரியவர்கள் சொன்னதில் பாதி சரி. காரணம் பூவின் மணமல்ல, புதர். தாழையின் உறவான பாண்டானைக் கொல்லைக்குள் அடர விட்டாலும் இதே கதைதான்.

“செராய் நட்டதிலிருந்து ஒரு பாம்புகூட வரவில்லையே!” என்பார்கள். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியின் பத்தாவது மாடித் தொட்டியில் வளரும் செராயும் இதே பெருமையைப் பேசலாம். இலவங்கப்பட்டை முதலிய எண்ணெய்களைப் பாம்பின் மீதே தெளித்துப் பார்த்த ஆய்வில் அது நிலைகொள்ளாமல் ஓடியது உண்மை. ஆனால் அது எண்ணெய்த் தூவல். செடி தானாகப் பீய்ச்சி அடிக்காது. “அப்படியானால் செடியே வேண்டாம், சிமெண்ட் பூசிவிடுவோம்” என்பவர்களுக்கு: நகரத்து மலைப்பாம்புக்குச் சாக்கடைதான் நெடுஞ்சாலை. பின்சந்தில் சோற்றைக் கொட்டி எலி வளர்த்தால், சிமெண்ட்டின் மேலேயே அது வழுக்கிக்கொண்டு வரும்.

ஆகவே அடித்தண்டு தெரிகிற செடிகளாக நடுங்கள்: பப்பாளி, முருங்கை, கறிவேப்பிலை. பூந்தொட்டிகளைத் தரையில் நெருக்கி அடுக்காமல், அடியில் விளக்குமாறு நுழைகிற உயரத்துக்கு இரும்புத் தாங்கியில் வையுங்கள். கூரையைத் தொடும் கிளையை வெட்டிவிடுங்கள். மரமேறும் பாம்புகளுக்கு அது ஏணி. இத்தனைக்கும் பிறகு ஒன்று வந்துவிட்டால் கம்பைத் தேடாமல் 999-ஐ அழையுங்கள். நச்சை உமிழும் நாகம் குறி வைப்பது கண்ணை. செராயைப் பிடுங்க வேண்டாம். ரெண்டாங் சமைக்கும் அண்டை வீட்டுக்கு அவ்வப்போது ஒரு கட்டு அறுத்துக் கொடுத்தால், அது புதராகவே மாறாது.