எல்லா லைட்டும் எரியுது

நேற்று இஷா தொழுதுவிட்டு வந்து, கரன்ட் பில்லைக் கட்டிவிடுவோம் என்று போனை எடுத்தேன். வைஃபை விசிறி முழுசாக விரிந்து நிற்கிறது. 'இணைக்கப்பட்டது' என்கிறது போன். பக்கம் மட்டும் வரவில்லை. வெள்ளைத் திரையில் ஒரு வட்டம் தன்பாட்டில் சுற்றுகிறது. நெட் ஒரேயடியாகப் போய்விட்டால்கூடப் பரவாயில்லை, மனுஷன் படுத்துத் தூங்கிவிடுவான். இருக்கிற மாதிரியே இருந்துகொண்டு வேலை செய்யாமல் கிடப்பதைத்தான் தாங்க முடியவில்லை. இதை எப்படிச் சரிசெய்வது என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முதல் இந்த லைட் விஷயத்தைப் பேசி முடித்துவிடுவோம்.

"லைட் எரியுதா?"

முதலில் கேட்டவர் மாமி. பிறகு மச்சான். பிறகு குசினியிலிருந்து மனைவி. மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு மாத்தயாவும், "லைட் பத்துவெனவாத?" என்றார். ஹொட்லைனில் தமிழுக்கு இரண்டை அழுத்தி, பாட்டு முழுவதையும் கேட்டு முடித்த பிறகு வந்த பிள்ளையும் அதையேதான் கேட்டது. எரியுது தங்கச்சி, எல்லா லைட்டும் எரியுது. அலவத்துகொடையில் பெருநாளைக்குக் கடைகளில் போடுகிற சோடனையைவிடப் பிரகாசமாக எரியுது.

மாமி வாய்ப்பேச்சை நம்புகிறவர் அல்ல. டோர்ச் எடுத்து வந்து, அலுமாரிக்கு மேலிருந்த ரவுட்டரின் லேஸ் துணியை விலக்கி, லைட் எரிகிறதா என்று வெளிச்சம் அடித்துப் பார்த்தார். டோர்ச் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. "இதுல ஒண்டுமே எரியல்லயே மகன்" என்றார். டோர்ச்சை அணைத்ததும் எரிந்தது. "நேத்து அஞ்சு எரிஞ்ச தானே, இண்டைக்கி நாலுதான் ஈக்கி" என்று அடுத்த குண்டைப் போட்டார். அந்த ஐந்தாவது, கழற்றி வைத்து எவ்வளவோ காலமாகிவிட்ட வீட்டுப் போனுக்குரியது. அது எரிந்ததே இல்லை. ஆனாலும் மாமி எரிந்தது என்றால் எரிந்ததுதான்.

பிறகு, மினுக்குவது நல்லதா கெட்டதா என்று ஒரு விவாதம். டேட்டா போய்வருவதால்தான் மினுக்குகிறது, அதுதான் ஆரோக்கியம் என்பது மச்சான் கட்சி. மினுக்குகிறது என்றால் சாகப்போகிறது என்பது மாமி கட்சி. பச்சையா இளம்பச்சையா என்று ஒரு கிளைப் பிரச்சினையும் கிளம்பியது. கடைசியில் லைட்டைப் படமெடுத்து, மொபைல் டேட்டாவில், டோஹாவில் இருக்கிற மருமகனுக்கு அனுப்பினார்கள். அவன் ஃபைபர் வேலை தெரிந்தவன். பாலைவனத்திலிருந்து பதில் வந்தது: "லைட் எல்லாம் எரியுதே!" வீட்டில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. பக்கம் மட்டும் வரவில்லை.

லைட் பார்த்து முடிந்தால் அடுத்தது என்ன என்று உங்களுக்கே தெரியும். சுவரில் சுவிட்சை அணைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பத்து எண்ணி, திரும்பப் போடுவது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரன்ட் வெட்டினார்களே, அந்தக் காலத்தில் நாங்களும் ரவுட்டருக்கு ஒரு மினி யூபிஎஸ் வாங்கி மாட்டினோம். இன்றும் அது நடுவில்தான் இருக்கிறது. சுவிட்சை அணைத்தால் ரவுட்டர் அணையாது. அப்படி ஒன்று நடந்ததே அதற்குத் தெரியாது. வீட்டார் பத்து எண்ணுகிறார்கள், நான் சொல்வதில்லை. சொன்னால் அந்தப் பத்து விநாடி அமைதியும் போய்விடும்.

குரங்குதான் காரணம் என்று மாத்தயா மதிலிலிருந்து தீர்ப்புச் சொன்னார். சிரித்துத் தள்ளிவிட முடியவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்க இருண்டபோது, பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் பூந்த ஒரு குரங்கைத்தான் மின்சக்தி அமைச்சரே காட்டினார். எங்கள் மாத்தளை வீதிக் குரங்குகளுக்கோ கேபிள்தான் ஊஞ்சல். ஆனால் குரங்கு கேபிளை அறுத்திருந்தால் லைட் சிவப்பாகியிருக்கும். எங்களுக்குத்தான் எல்லா லைட்டும்... சரி, விடுங்கள்.

கோளாறுக்கு வருகிறேன். லைன் உயிரோடு இருக்கிறது என்பதற்கு மேல் அந்த லைட்டுக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் அடிக்கிற பெயரை எண்ணாக மாற்றித் தருகிற டிஎன்எஸ் படுத்துக்கொண்டால், வைஃபை, ஃபைபர் எல்லாம் சுகமாக இருந்தும் பக்கம் வராது. டிஎன்எஸ் வருமுன் வலையமைப்பிலிருந்த கணினிகளின் பெயரெல்லாம் ஒரே கோப்பில் கிடந்தன. கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் ஆட்கள் அதைக் கையாலேயே திருத்திப் பராமரித்தார்கள். 1983இல் போல் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வகுத்தார். அந்தக் காலமென்றால் ஃபைன்லர் அம்மாவுக்கே கோல் எடுத்திருக்கலாம். லைட் எரியுதா என்று கேட்டிருக்க மாட்டார்.

முகவரிப் பட்டையில் 1.1.1.1 என்று நேரே அடித்துப் பாருங்கள். பக்கம் வந்தால் லைனில் பிழையில்லை, பெயர் தேடுகிற இடத்தில்தான் பிழை. (1.1.1.1 என்ற அந்த டிஎன்எஸ் சேவையை 2018 ஏப்ரல் முதலாம் திகதி ஆரம்பித்தார்கள். ஏன் அந்த நாளைப் பிடித்தார்கள் என்று நேற்று யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது.) இன்னொரு ரகக் கோளாறும் உண்டு: வட்ஸ்அப்பில் சலாம் போகும், பெரிய பக்கம் வராது. டேட்டா போகிற பொதி ஒன்று வழக்கமாக அதிகபட்சம் 1500 பைட். சில இணைப்பு முறைகளில் 8 பைட் தலைப்புக்கே போய்விடும், மிச்சம் 1492. ரவுட்டர் அதைக் கவனிக்காவிட்டால் பெரிய பொதி நடுவழியில் சிக்கும். எட்டே எட்டு பைட்டுக்காக ஒரு வீடு இரவு முழுக்க டோர்ச்சோடு நிற்கும்.

நள்ளிரவு தாண்டி, எல்லோரும் படுக்கப்போன பிறகு, 192.168.1.1 என்ற ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைந்து டிஎன்எஸ்ஸை 8.8.8.8 என்று மாற்றினேன். பக்கங்கள் கொட்டின. காலையில் எழும்பி வந்த மாமி போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நான் டோர்ச் அடிச்ச பொறகுதான் வந்த" என்றார்.

"இல்ல மாமி, டிஎன்எஸ்தான் பிழ. ராவு நான் மாத்தின."

"அது எந்த லைட் மகன்?"